கொதிக்குது ஆயில்... உருகுது என்ஜின்! பந்தயத் திடலில் சொந்தக் காரை ஓட்டுவோர் கோட்டை விடுவது எங்கே?

புத்தம் புதிய கார். மாதத் தவணை இன்னும் பாதிகூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பந்தயத் திடலில் நாலு ரவுண்டு சீறிப் பாய்கிறது. ஐந்தாவது ரவுண்டில் 'கட கட' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! என்ஜின் காலி. போகும்போது ஓட்டிக்கொண்டு போன காரை, திரும்பும்போது இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டிய பரிதாபம்.

கார் எதிலும் மோதவில்லை. டயர் வெடிக்கவில்லை. டிரைவர் மீதும் தப்பு இல்லை. குற்றவாளி, என்ஜினுக்குள்ளே ஓடும் ஆயில்! அது அளவுக்கு மீறி சூடானால் இந்த கதிதான்.

அதன் விவரம் வருமாறு:-

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

கார் பந்தயம் சென்னைக்குப் புதிது அல்ல. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. அங்கேதான் பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. வெயிலைப் பொருட்படுத்தாமல் ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள்.

1990-ல் பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கு என்றே தனித் திடல் வந்தது. ஒரு ரவுண்டு சுமார் 3.7 கிலோ மீட்டர். மொத்தம் 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் இன்னொரு திடல் திறக்கப்பட்டது. மறைந்த பந்தய வீரர் கரிவரதன் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

இந்த மாதிரித் திடல்களில் பந்தயம் இல்லாத நாட்களில் 'டிராக் டே' நடக்கிறது. பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சொந்தக் காரை ஆசை தீர ஓட்டலாம். பரிசு கிடையாது. கோப்பை கிடையாது. ஆனால் எதிரே லாரி வராது. குறுக்கே மாடு வராது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் ரேஸ் விட்டு, போலீசில் சிக்கி, அடுத்தவன் உயிரையும் எடுப்பதை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் காருக்கு வேறு விதமான ஆபத்து இங்கேதான் காத்திருக்கிறது.

வடைச்சட்டி சூடு!

அண்ணாசாலையில் கார் ஓடும்போது என்ஜின் நிமிடத்துக்கு 2 ஆயிரம் சுற்று சுற்றினாலே அதிகம். பந்தயத் திடலில் 5 ஆயிரம், 6 ஆயிரம் சுற்று. அதுவும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அல்ல. கால் மணி நேரம் ஒரே விரட்டு!

பிஸ்டனின் தலைப்பகுதி 250 டிகிரியைத் தாண்டும். பல என்ஜின்களில் அந்தப் பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சி அடித்துத்தான் சூட்டைத் தணிக்கிறார்கள். டர்போ உள்ள கார் என்றால் கேட்கவே வேண்டாம். வெளியேறும் புகையின் சூடு 900 டிகிரி வரை போகும். அந்தப் புகையில் சுழலும் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த அச்சைத் தாங்கி நிற்பதும் இதே ஆயில்தான்.

ஆக, வழுவழுப்பு கொடுப்பது மட்டும் ஆயிலின் வேலை அல்ல. சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுபோவதும் அதன் வேலை. சின்ன டர்போ கார்களில் இத்தனைக்கும் இருப்பது நாலைந்து லிட்டர் ஆயில்!

சாதாரண ஓட்டத்தில் ஆயில் 90 முதல் 110 டிகிரி வரை இருக்கும். அது நல்லது. திடலில் 120, 125 என்று ஏறும். நல்ல சிந்தெடிக் ஆயில் அதைத் தாங்கும். 130-ஐத் தொட்டால் காலை எடுக்க வேண்டும். 140 வந்துவிட்டால் ஆபத்து வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். டீக்கடையில் வடை போடும் எண்ணெயின் சூடு 170, 180 டிகிரி. என்ஜின் ஆயில் அதை நெருங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

தண்ணி மாதிரி ஓடும்

சூடு ஏற ஏற ஆயில் இளகும். டப்பாவில் 30, 40, 50 என்று நம்பர் போட்டிருப்பார்களே, அது ஆயில் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைக் காட்டும் நம்பர். 100 டிகிரியில் 40 நம்பர் கெட்டியாக இருக்கும் ஆயில், 110-ஐத் தாண்டினாலே 30 நம்பர் மாதிரி ஆகிவிடும். 130-ல் இன்னும் இளகி தண்ணி மாதிரி ஓடும்.

கிராங்க் ஷாப்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் தலைமுடியை விட மெல்லியதாக ஒரு ஆயில் படலம் நிற்கிறது. அதன் மேல்தான் இரும்பு மிதக்கிறது. ஆயில் இளகினால் படலம் கிழியும். இரும்பும் பேரிங்கும் உரசும். முதலில் 'கட கட' சத்தம். அப்புறம் என்ஜின் ஜாம். சில நேரம் கனெக்டிங் ராடு என்ஜினையே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கொட்டிய ஆயில் சூடான புகைக்குழாய் மீது பட்டால் தீப்பிடிக்கும். தரையில் பரவினால் பின்னால் வருகிற கார் வழுக்கும். ஒருவர் செய்யும் அலட்சியம் இன்னொருவர் உயிருக்கு உலை வைத்துவிடும்.

காட்டிக்கொடுக்காத மீட்டர்

இதில் பெரிய கொடுமை, பல கார்களில் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டரே கிடையாது. இருப்பது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள். தண்ணீர் 90 டிகிரியில் சமர்த்தாக நிற்கும். முள் நடுவிலேயே இருக்கும். அதே நேரத்தில் ஆயில் 135-ஐத் தாண்டியிருக்கும்!

சிவப்பு ஆயில் விளக்கு எரியுமே என்று கேட்கலாம். அந்த விளக்கு சூட்டைக் காட்டுவது அல்ல. ஆயிலின் அழுத்தம் அநேகமாக இல்லாமலே போன பிறகுதான் எரியும். மணியடித்தபோது திருடன் தெருமுனையைத் தாண்டிவிட்ட கதைதான்.

டிராக் டே அன்று கார்கள் நிற்கும் இடத்தில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரித்தான் இருக்கும்:-

"என்னண்ணே, மீட்டர்ல சூடு நடுவுலதானே இருக்கு? இன்னும் நாலு ரவுண்டு போட்டுட்டு வந்துடறேன்."

"அது தண்ணி சூடு தம்பி. ஆயில் சூடு அதுல தெரியாது. ஒரு ரவுண்டு மெதுவா சுத்திட்டு வந்து நிறுத்து. வண்டி இருந்தா நாளைக்கும் ஓட்டலாம்."

இந்தப் பேச்சைக் கேட்பவர் பிழைத்தார். கேட்காதவர் மெக்கானிக் கடை வாசலில் நிற்கிறார்.

பெரிய கம்பெனி காரும் தப்பவில்லை

இது சின்னக் கார்களுக்கு மட்டும் வரும் வியாதி அல்ல. ஜப்பானின் நிசான் கம்பெனி 2009-ம் ஆண்டு மாடலாக '370 இசட்' என்ற ஸ்போர்ட்ஸ் காரை அமெரிக்காவில் இறக்கியது. வேகத்தில் புலி! ஆனால் ஆயிலைக் குளிரவைக்கும் தனி ரேடியேட்டர் அதில் இல்லை. திடலில் விரட்டியவர்களுக்கு ஆயில் சூடு சீக்கிரமே 138 டிகிரியைத் தொட்டது. உடனே காரில் உள்ள கம்ப்யூட்டர் என்ஜினின் வேகத்தைத் தானாகக் குறைத்துவிட்டது. என்ஜின் பிழைத்தது. ஓட்டியவர்கள் கடுப்பானார்கள். பிறகு வந்த மாடல்களில் ஆயில் கூலரை கம்பெனியே பொருத்தியது.

ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி இந்தப் பாடத்தை ஆதியிலேயே படித்துவிட்டது. 1963-ல் அறிமுகமான அதன் '911' காரில் ரேடியேட்டர் தண்ணீரே கிடையாது. காற்றும் ஆயிலும்தான் என்ஜினைக் குளிரவைத்தன. அதற்காகவே ஆயிலுக்குத் தனி டாங்கி வைத்து, நிறைய ஆயில் ஊற்றினார்கள். 1998 வரை இந்த முறை நீடித்தது.

சென்னை வெயில் செய்யும் சதி

ஆயில் கூலர் வேலை செய்வது காற்றை நம்பித்தான். ஆயில் 120 டிகிரி, காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 95. சென்னையில் சித்திரை வெயிலில் காற்றே 40 டிகிரி. வித்தியாசம் 80 ஆகிவிடும். அதாவது, கூலரின் பலத்தில் ஆறில் ஒரு பங்கு வெயிலிலேயே போய்விடும்! தார் ரோட்டின் அனல் தனிக்கணக்கு.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் காலை நேரத்தில் விரட்டி ஓட்டுகிறார்கள். உச்சி வெயிலில் நிழல் தேடி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தப்பிக்க என்ன வழி?

லட்ச லட்சமாகச் செலவு செய்யத் தேவையில்லை. முதல் மருந்துக்குக் காசே வேண்டாம்.

ஆயில் அளவு: திடலுக்குப் போகும் முன் ஆயில் பார்க்கும் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது சேம்பரில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் பம்பு காற்றைத்தான் உறிஞ்சும். கோட்டுக்கு மேலே ஊற்றினாலும் ஆபத்து. கிராங்க் அடித்து ஆயில் நுரைத்துவிடும்.

புது ஆயில்: பழைய ஆயிலோடு போகக்கூடாது. நல்ல சிந்தெடிக் ஆயில், புது பில்டர். கம்பெனி அனுமதித்தால் ஒரு நம்பர் கெட்டி ஆயில் போடலாம். சூடு 10 டிகிரி ஏறினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு ஆகும். அதனால் ஓட்டி முடித்த பிறகும் சீக்கிரமே ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

மீட்டர்: ஆயில் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தனி மீட்டர் மாட்டிக்கொள்வது உத்தமம். புது என்ஜின் வாங்கும் செலவோடு பார்த்தால் மீட்டர் செலவு கொசு.

அளவான ஓட்டம்: இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரவுண்டுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும். மூன்று நாலு ரவுண்டு விரட்டல். அப்புறம் ஒரு ரவுண்டு பெரிய கியரில், என்ஜின் சுற்றைக் குறைத்து மெதுவாகப் போக வேண்டும். காற்று அடித்து ஆயில் ஆறும்.

உடனே அணைக்காதே: உள்ளே வந்ததும் என்ஜினை 'டக்'கென்று நிறுத்தக்கூடாது. ஓரிரு நிமிடம் ஓடவிட வேண்டும். நிறுத்திவிட்டால் சூடான டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கருகி கரியாகப் படியும். பானெட்டைத் திறந்து வைக்கவேண்டும். பிரேக்கும் கொதிக்கும் என்பதால் ஹேண்ட் பிரேக் போடக்கூடாது. கியரில் நிறுத்தி, டயருக்குக் கட்டை வைத்தால் போதும்.

அவசர வைத்தியம்: சூடு எகிறிவிட்டதா? ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் போடலாம். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டில் ஒரு பகுதி காருக்குள் வரும். ஓட்டுகிறவருக்கு வேர்த்துக் கொட்டும். ஆனால் என்ஜினுக்கு மூச்சு வரும்!

கூலர் மாட்டினால் மட்டும் போதாது

அடிக்கடி திடலுக்குப் போகிறவர்கள் ஆயில் கூலர் மாட்டலாம். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் வாங்கக்கூடாது. மழைக்காலத்தில் சாதாரணமாக ஓட்டும்போது அது ஆயிலைச் சூடேறவே விடாது. ஆறிப்போன ஆயில் கெட்டியாக இருக்கும். பெட்ரோலும் ஈரமும் அதில் கலந்து வெளியேறாமல் தங்கிவிடும். அதுவும் என்ஜினுக்குக் கெடுதல்தான். ஆயில் 80 டிகிரியாவது வந்த பிறகுதான் காரை விரட்ட வேண்டும்.

குழாய் இணைப்புகளைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்த வேண்டும். ஒரு இணைப்பு கழன்றால் சில வினாடிகளில் அத்தனை ஆயிலும் ரோட்டில்!

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பந்தயத் திடலில் ஓட்டி என்ஜின் போனால் வாரண்டி கிடையாது என்று பல கார் கம்பெனிகள் கையேட்டிலேயே அச்சடித்திருக்கின்றன. இன்சூரன்சும் பெரும்பாலும் கைகொடுக்காது. செலவு முழுக்க முழுக்க சொந்தப் பையில் இருந்துதான். கார் ஓடாவிட்டாலும் மாதத் தவணை நிற்காது.

ஆசைக்கு ஓட்டுங்கள். அளவோடு ஓட்டுங்கள். முள் 130-ஐக் காட்டினால் காலை எடுங்கள். அந்த ஒரு ரவுண்டை விட்டுக்கொடுத்தால் என்ஜின் மிச்சம்!