கிரேக்க நாடகங்களில் தெய்வங்களின் தன்னலம்

கி. மு. 428-ஆம் ஆண்டில், ஏதென்ஸ் நகரத்து டயோனைசஸ் விழாவில், யூரிப்பிடீஸ் இயற்றிய 'ஹிப்பொலிட்டஸ்' என்னும் நாடகம் அரங்கேறி முதற்பரிசு பெற்றது. அதில் முதலில் வந்து பேசுபவள் காதல் தெய்வமாகிய அப்ரொடைட்டி. தன் நோக்கத்தை அவள் மறைக்கவேயில்லை. தீஸியஸ் மன்னனின் மகன் ஹிப்பொலிட்டஸ் வேட்டைத் தெய்வமாகிய ஆர்ட்டெமிஸையே போற்றுகிறான், தன்னை இகழ்கிறான், ஆதலால் அன்றைக்கே அவன் அழியவேண்டும். அதற்காக அவன் சிற்றன்னை பீட்ராவின் உள்ளத்தில் அவன்மீது தகாத காதலை மூட்டிவிட்டாள்.

இளைஞனிடம் செருக்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பீட்ரா செய்த பிழை யாது? அவளோ அப்ரொடைட்டிக்குக் கோயில் எடுத்தவள். அவளும் மடிவாள் என்பதை அறிந்தே, பகைவனை ஒறுக்கும் வாய்ப்பை அவள் பொருட்டுக் கைவிடுவதற்கில்லை என்கிறது தெய்வம்.

இந்நாடகங்களில் தெய்வம் வேண்டுவது அன்பன்று, தனக்குரிய மதிப்பு. யூரிப்பிடீஸ் இறந்தபின் மேடையேறிய 'பாக்கே' நாடகத்தில், தன்னைத் தெய்வமென ஒப்பாத பெந்தியஸை அவன் தாயின் கைகளாலேயே பிய்த்தெறியச் செய்கிறான் டயோனைசஸ். சினத்தில் தெய்வங்கள் மனிதரை ஒத்திருத்தல் தகாது என்று முறையிடுகிறான் பாட்டன் காட்மஸ். அந்தத் தெய்வத்தின் திருவிழாவிலேயே, அதன் பூசாரி முன்வரிசையில் வீற்றிருக்க, இவ்வாறு பேச இடமிருந்தது என்பது வியப்புக்குரியது.

மீண்டும் ஹிப்பொலிட்டஸின் கதைக்கு வருவோம். பீட்ரா அவன்மேல் பொய்ப்பழி எழுதிவைத்துத் தூக்கிட்டு இறக்கிறாள். அதை நம்பிய தந்தை சபிக்க, கடலினின்று எழுந்த காளையைக் கண்டு குதிரைகள் மிரள, தேரோடு இழுபட்டு மகன் சிதைகிறான். அதன் பிறகே ஆர்ட்டெமிஸ் தோன்றி உண்மையை உரைக்கிறாள். முன்னரே ஏன் தடுக்கவில்லை? ஒரு தெய்வத்தின் விருப்பத்துக்கு மற்றொன்று குறுக்கே நிற்பதில்லை என்பது அவர்கள் வழக்கமாம். ஆறுதலாக அவள் சொல்வதும் வேறோர் உயிர்க்கொலையே: அப்ரொடைட்டிக்கு மிக இனிய மனிதன் ஒருவனைத் தன் அம்பால் வீழ்த்துவாளாம். அவன் என்ன குற்றம் செய்தான் என்று அவளும் எண்ணிப் பார்ப்பதில்லை. சாவைக் காண்பது தெய்வத்துக்குத் தீட்டு என்று சொல்லி, தன்னையே நம்பியிருந்தவன் உயிர் பிரியுமுன் அகன்றுவிடுகிறாள்.

எஞ்சுபவர் தந்தையும் மகனும். தன்னைக் கொன்றவனைக் கொலைப்பழியினின்று விடுவிக்கிறான் மகன். பின்பு, முகத்தை ஆடையால் மூடுமாறு தந்தையை வேண்டுகிறான்.