ஊடும் பாவும் – 9: விலை சொல்லும் இடம்

சென்ற வாரம், தறிக்குழியை விட்டு எழுந்த குடும்பங்களின் முதல் தலைமுறை இன்ஜினியரிங் கல்லூரிக்குள் நுழைந்த கதையைப் பார்த்தோம். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது, 2007-ல் நுழைவுத்தேர்வு போனது, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசு கட்டணச் சலுகை கொடுத்தது, ஆரணிக்குப் பக்கத்தில் தச்சூரிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்றும் வந்துவிட்டது. சேத்துப்பட்டு, தேவிகாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் இப்படித்தான் சென்னை ஓ.எம்.ஆர். சாலைக்கும் பெங்களூருவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற பெரிய நிறுவனங்களில் புதிதாகச் சேருகிறவருக்குக் கிடைக்கும் பதவிப் பெயரிலேயே ‘சிஸ்டம் இன்ஜினியர்’ இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே அதை அச்சடித்துப் பார்த்த அப்பாக்களின் சந்தோஷம் பெரிது.

அந்தப் பிள்ளைகளில் சிலர் மூன்று, நான்கு வருடம் கழித்து வீட்டுக்கு இன்னொரு சேதியோடு வருகிறார்கள். வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன் என்கிறார்கள். “மாசம் பொறந்தா சம்பளம் வருது. இன்னாத்துக்குப்பா இன்னொரு படிப்பு?” என்று அப்பா கேட்கிறார். இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. எம்.பி.ஏ. நேர்முகத் தேர்வில் பேராசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டுக்கும் ஒரே நேர்மையான பதிலைச் சொல்ல முடிகிறவர்தான் அந்தப் படிப்புக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

பதில்களில் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதியவர்களின் ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றுபோனது. அதற்குள் வீட்டு வாடகை எங்கேயோ போய்விட்டது. அக்கா கல்யாணக் கடனும், அப்பாவின் முதுகுவலிக்கு வைத்தியமும், ஊரில் பாதியில் நிற்கும் வீடும் தலைக்கு மேல் இருக்கும்போது சம்பளம் கூடும் என்று ஒருவர் எம்.பி.ஏ. படிக்க நினைத்தால் அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. நேர்முகத் தேர்வில் இதை மறைத்து ‘தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள’ என்று மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் பொய்.

ஆனால் இப்படி வருகிறவர்களோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினால், பணத்துக்குப் பின்னால் வேறொரு குறை நிற்பது தெரியும். அதைப் புரிந்துகொள்ள சிஸ்டம் இன்ஜினியர் செய்யும் வேலைக்குள் சற்றுப் போக வேண்டும்.

ஒரு வங்கியின் சர்வர்களை அவர் பார்த்துக்கொள்கிறார் என்று வையுங்கள். ஒப்பந்தத்தில் ‘99.9 சதவீத நேரம் இயங்க வேண்டும்’ என்று எழுதியிருக்கும். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. கணக்குப் போட்டால், ஆண்டில் 8 மணி 45 நிமிடம் வரை படுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். இன்னும் ஒரு ஒன்பது சேர்த்து 99.99 என்றாக்கினால் அது 53 நிமிடத்துக்குச் சுருங்கிவிடும். ஒரு ஒன்பதிலிருந்து அடுத்த ஒன்பதுக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்பது இன்ஜினியருக்கு அத்துப்படி: மாற்று சர்வர், வேறு ஊரில் இரண்டாவது தரவு மையம், இரவு முழுக்க விழித்திருக்கும் ஆட்கள், மாதம் ஒருமுறை ஒத்திகை. செலவு மளமளவென்று ஏறும். அந்தச் செலவு தகுமா என்று முடிவு செய்வதுதான் அவர் கையில் இல்லை. பட்டுக்கடையின் பில் போடும் கணினி ஆடி மாதத்தில் அரை நாள் நின்றால் பேனாவால் பில் எழுதிச் சமாளிக்கலாம். அதே அரை நாள் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் போனால் வருடத்து லாபத்தில் கைவைத்துவிடும். வங்கிக்கோ எந்த நாளிலும் அரை நாள் ஆகாது. ஆக, எத்தனை ஒன்பது வேண்டும் என்ற கேள்விக்கு சர்வர் அறையில் விடை இல்லை. வாடிக்கையாளர் யார், அவருக்கு எந்த நாள் முக்கியம், நின்றுபோனால் இழப்பு எவ்வளவு, அதைத் தவிர்க்க எவ்வளவு கொடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் வேறொரு அறையில் அதை முடிவு செய்கிறார்கள். இன்ஜினியருக்கு முடிவு மட்டும் மின்னஞ்சலில் வருகிறது.

இந்த இடம் நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குப் பழக்கமான இடம். ஆரணி வட்டாரத்தில் கூலிக்கு நெய்கிறவர்களுக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி வீட்டிலிருந்து வருகின்றன. என்ன டிசைன், என்ன நிறம் என்பதும் அங்கிருந்தே வருகிறது. நாள்கணக்கில் கைகால் அசைத்து நெய்து, சேலையை அறுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி கிடைக்கும். கச்சாப் பட்டு விலை ராமநகரம் பட்டுக்கூடு சந்தையில் ஏறுகிறது, ஜரிகை விலை சூரத்தில் ஏறுகிறது, சேலை விலை தி.நகர் கடையில் ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கங்களை எல்லாம் நெய்தவர் கேள்விப்படுகிறார். தான் நெய்த சேலை கடைசியில் என்ன விலைக்குப் போனது என்பது மட்டும் பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல வருடங்கள் ஆன பிறகும் அது காஞ்சிபுரத்தின் பெயரில் விற்பனையாவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சேதி. தன் வேலைக்குத் தன் ஊரின் பெயரைக்கூட ஒட்ட முடியாமல் இருப்பது சின்ன வருத்தம் அல்ல.

மகன் தறியை விட்டுக் குளிரூட்டிய கட்டடத்துக்குப் போனார். அங்கும் நூலும் டிசைனும் வேறு யாரோ கொடுக்கிறார்கள். தன் ஒரு மணி நேர உழைப்பை நிறுவனம் வாடிக்கையாளருக்கு எத்தனை டாலருக்கு விற்கிறது என்பது இளநிலை இன்ஜினியர்களில் அநேகருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் கிடையாது. சம்பளம் அப்பாவின் கூலியைவிடப் பல மடங்கு அதிகம். வெயிலும் தறிக்குழி ஈரமும் இல்லை. இந்த முன்னேற்றத்தை நான் துளியும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் விலை சொல்லும் இடத்தில் இரண்டு தலைமுறையாக நம் ஆள் இல்லை. அந்த இடத்துக்குப் போய் உட்காரும் ஆசைதான், இந்த ஊர் இன்ஜினியர் எம்.பி.ஏ. படிக்க நினைப்பதன் உண்மையான காரணம் என்று நான் நம்புகிறேன். அவரே அதை இந்த வார்த்தைகளில் சொல்லாமல் இருக்கலாம்.

இந்தப் பாதையில் தமிழ்நாட்டில் பிறந்தவர்களில் முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1941-ல் கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத், லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தவர். இருபது வயதை எட்டும் முன்பே சென்னையில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பேட்டரி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தொழிற்சாலையின் தரையில், வலுவான தொழிற்சங்கம் கொண்ட தொழிலாளர்களோடு நின்று வேலை பார்த்த காலம் தன்னை உருவாக்கியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து 1964-ல், அகமதாபாத் ஐ.ஐ.எம். தொடங்கிய முதல் வகுப்பில் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். அப்போது அந்தப் படிப்பின் மதிப்பு என்னவென்று நாட்டில் யாருக்கும் தெரியாது. வேலையில் இருந்தபடியே ‘இது ஏன் இப்படி முடிவாகிறது’ என்று கேட்கத் தொடங்கியவரே இப்படி ஒரு துணிச்சலான காரியம் செய்வார். பிறகு ஹார்வர்டு, மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, கேரி ஹேமலுடன் 1990-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை என்று அவர் வளர்ந்தது ஊரறிந்த வரலாறு. எனக்கு முக்கியமாகத் தெரிவது 2004-ல் வந்த அவருடைய புத்தகம். ஏழைகளைத் தானம் வாங்குகிறவர்களாகப் பார்க்காமல், காசு கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர்களாகவும் தொழில் செய்கிறவர்களாகவும் பார்க்கச் சொன்ன புத்தகம் அது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை அதில் எடுத்துக்காட்டாக வைத்தார். தொழிற்சாலைத் தரையில் நின்றவருக்குத்தான் அந்தப் பார்வை வரும்.

சுந்தர் பிச்சையை எல்லோருக்கும் தெரியும். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல், ஸ்டான்ஃபோர்டில் முதுநிலை, அப்ளைடு மெட்டீரியல்ஸில் இன்ஜினியர் வேலை, அதன்பின் 2002-ல் வார்ட்டன் எம்.பி.ஏ. 2004-ல் கூகுளுக்குப் போனவர் முதலில் கவனித்தது, உலாவிக்குள் கூகுள் தேடலை வைக்கும் டூல்பார் என்ற சின்ன நிரலை. 2006-ல் மைக்ரோசாஃப்ட் தன் புதிய உலாவியில் தன் சொந்தத் தேடலையே முன்னிறுத்தியபோது, கணினி தயாரிப்பாளர்களோடு பேசி கூகுள் டூல்பாரை அவர்களின் கணினிகளில் ஏற்றவைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கூகுளுக்கென்று சொந்த உலாவி வேண்டும் என்ற வாதம் அதிலிருந்து வலுத்தது, 2008-ல் குரோம் வந்தது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு கூகுளில் பஞ்சமே இல்லை. தேடல் என்ற வருமானம் யாருடைய வாசல் வழியாக வருகிறது, அந்த வாசலை அவர்கள் சாத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பது வியாபாரப் படிப்பு பழக்கும் யோசனை.

எதிர் உதாரணத்தையும் சொல்ல வேண்டும். நாமக்கல் பக்கத்து மோகனூரைச் சேர்ந்த என். சந்திரசேகரன், திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.சி.ஏ. முடித்து 1987-ல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்தார். எம்.பி.ஏ. படிக்கவில்லை. 2009-ல் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆனார், 2017-ல் டாடா சன்ஸ் தலைவரானார். ஒரே நிறுவனத்தில் இருந்துகொண்டே விலை சொல்லும் அறைவரை நடந்துபோக முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அவர் சேர்ந்த காலத்தில் அந்த நிறுவனம் சிறியது. இன்று லட்சக்கணக்கானவர்கள் இருக்கும் இடத்தில் அந்த நடை மிக நீளம்.

எம்.பி.ஏ.வில் இன்ஜினியர் எதைக் கற்கிறார்? கணக்கும் செயல்முறை மேலாண்மையும் அவருக்குச் சுலபமாக வரும். ஐ.ஐ.எம். வகுப்புகளில் நெடுங்காலமாக இன்ஜினியர்கள் பெரும்பான்மையாக இருப்பதால் அங்கே அதற்குத் தனி மரியாதையும் கிடையாது. நிதிநிலை அறிக்கையைப் படிக்கக் கற்பதுதான் முதல் திறப்பு. ஒரு நிறுவனத்தின் லாபம் எங்கே பிறக்கிறது, எங்கே கசிகிறது என்பது அதில் எழுதியே இருக்கும். ஹார்வர்டிலிருந்து அகமதாபாத் எடுத்துக்கொண்ட ‘கேஸ்’ முறையில் ஒரு நிறுவனத்தின் நிஜச் சிக்கலை முன்னால் வைத்து, பாதித் தகவலோடு முடிவெடுக்கச் சொல்வார்கள். சரியான விடை ஒன்று இருக்கும் என்று பழகியவருக்கு இது முதலில் தவிப்பாக இருக்கும். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு சிரமமும் உண்டு: நாற்பது, ஐம்பது பேர் நடுவில் ஆங்கிலத்தில் குறுக்கிட்டுப் பேசுவது. அது திறமைக் குறைவு இல்லை. ஓரிரண்டு மாதங்களில் நாக்கு பழகிவிடும், பேசாமல் இருந்தால்தான் பழகாது.

எல்லோரும் முழுநேரமாகப் படிக்க வேண்டியதில்லை. இருக்கும் துறையிலேயே மேலே போக வேண்டும், முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று புரிய வேண்டும் என்பது நோக்கமானால், 2011-ல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். தன் சென்னை மையத்தில் வேலையில் இருப்பவர்களுக்கு நடத்தும் படிப்பு போன்றவை போதும். வங்கி, ஆலோசனை நிறுவனம் என்று துறையையே மாற்ற நினைப்பவருக்கு வளாக நேர்காணல் தேவை, அவர் முழுநேரம்தான் படிக்க வேண்டும். அதிகம் செலவழிக்க முடியாதவர்கள் தமிழ்நாட்டு நுழைவுத்தேர்வான டான்செட் எழுதி அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் போகலாம். பெயர் தெரியாத கல்லூரியில் பல லட்சம் கட்டிச் சேருவதைவிட வேலையில் தொடர்வது எவ்வளவோ மேல். கல்லூரிக்காரர்கள் காட்டும் சராசரிச் சம்பளத்தை நம்பாதீர்கள். நடுவில் நிற்கும் மாணவர் எவ்வளவு வாங்கினார் என்று கேளுங்கள்.

பழைய ஐ.ஐ.எம்.களில் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 20 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் கட்டினால், மாதத் தவணை சுமார் 26,400 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்தால் இன்னும் கூடும். இரண்டு வருடச் சம்பளமும் போகும். இந்தக் கணக்கை அப்பா அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து போட்டுக்காட்ட வேண்டும். பெரிய கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்காமலும் கடன் தருகின்றன.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அடிக்கடி கோட்டைவிடும் ஒரு விஷயம் இட ஒதுக்கீடு. ஐ.ஐ.எம்.களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடம் உண்டு. அதற்கு நம் மாநில பி.சி. சாதிச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். ‘நான்தான் சம்பாதிக்கிறேனே, எனக்குக் கிடைக்காது’ என்று பலர் விண்ணப்பிப்பதே இல்லை. ஓ.பி.சி.யில் வசதியானவர்களை விலக்கும் ‘கிரீமி லேயர்’ விதி பார்ப்பது பெற்றோரின் நிலையை வைத்துத்தான், விண்ணப்பிப்பவரின் சம்பளத்தை வைத்து அல்ல. பெற்றோரின் வருமானத்துக்கான 8 லட்ச வரம்பிலும் விவசாய வருமானம் சேராது. கூலிக்கு நெய்யும் வீட்டுப் பிள்ளை ஐ.டி. வேலையில் இருந்தாலும் தாராளமாகத் தகுதி உண்டு. ஐ.ஐ.எம்.களுக்கான கேட் (CAT) நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பம் ஆகஸ்டில் தொடங்கும், தேர்வு நவம்பர் கடைசியில் நடக்கும். அதனால் சான்றிதழுக்காக ஜூலையிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

(தொடரும்)