மகிழுந்து கழுவுதலும் மெழுகிடுதலும்

மகிழுந்து கழுவி மெழுகிடுதல் என்பது வண்ணப்பூச்சைக் கீறாமல் அழுக்கை நீக்கி, அதன் மேல் காப்புப் படலம் ஏற்படுத்தும் பராமரிப்பு முறை ஆகும். தற்கால மகிழுந்துகளில் நிறப்பூச்சின் மேல் உள்ள நிறமற்ற மேற்பூச்சு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோமீட்டர் தடிமனே கொண்டது. தூசியில் கலந்திருக்கும் குவார்ட்சு மணலின் கடினத்தன்மையோ மோவின் அளவுகோலில் 7 ஆகும். எனவே பூச்சைக் கீறுவது பெரும்பாலும் துணியன்று. துணிக்கடியில் சிக்கும் மணலே.

சங்கரன்கோவில் அருகிலுள்ள கரிவலம்வந்தநல்லூர் போன்ற வறண்ட ஊர்களில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வாகனங்களில் தூசி மிகுதியாகப் படியும். அதனை உலர்ந்த துணியால் துடைப்பதே பூச்சுக்குப் பெருங்கேடு. வாகனத்தை நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீரால் மட்டும் தூசியை இறக்க வேண்டும். குவளையால் ஊற்றினாலும் போதும். பின்னர் வாகனங்களுக்கான சவர்க்காரக் கரைசலைக் கூரையிலிருந்து கீழ்நோக்கி இடுவர். துணியை அலசத் தனி வாளி தேவை. பாத்திரம் கழுவும் நீர்மம் பழைய மெழுகைக் கரைத்துவிடும். ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர் தானே உலர்ந்தால் வெண்புள்ளிகள் தங்கும். ஆகவே நுண்ணிழைத் துணியால் உடனே ஒற்றியெடுப்பது நன்று.

மெழுகுகளில் பெயர்பெற்றது கர்னாபா. இது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. சுமார் 82 பாகை செல்சியசுக்கு மேலேயே உருகும். நன்கு உலர்ந்த பரப்பில் மெல்லியதாகப் பூசி, சற்றுக் காய்ந்தபின் துடைக்க வேண்டும். மெழுகு நுண்கீறல்களை மறைக்குமேயன்றி நீக்காது. நிறப்பூச்சு வரை சென்ற கீறலுக்கு மறுபூச்சே வழி.