புதைத்ததும் வைப்பிலிட்டதும்

போர் நெருங்கி வர, 2008 ஆம் ஆண்டு முடிவதற்குள் முள்ளியவளையில் சனம் இல்லை. உழவு இயந்திரங்களிலும் சைக்கிள்களிலும் எல்லாரும் புதுக்குடியிருப்புப் பக்கம் போய்விட்டார்கள். புறப்படுவதற்கு முன்னர் பல வீடுகளில் இராவோடு இராவாகக் கிணற்றடியிலோ மாமரத்தின் கீழோ ஒரு கிடங்கு வெட்டினார்கள். தையல் இயந்திரம், பாத்திரங்கள், காணி உறுதி, சிலவேளை பொலித்தீனில் சுற்றிய இரண்டு மூன்று பவுண் நகை. கொண்டுபோனால் வழியில் பறிபோகும், மண்ணுக்குள் வைத்தால் திரும்பி வரும்வரை கிடக்கும் என்று நம்பினார்கள்.

வீட்டில் வைத்திருக்காதவர்களும் இருந்தார்கள். விடுதலைப் புலிகள் 1994 இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் வன்னிச் சனம் காசை வைப்பிலிட்டது, நகையை அடைவு வைத்தது. அன்றைய வன்னியில் அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்றே பலரும் நினைத்தார்கள். 2009 மேயில் போர் முடிந்தபோது வைப்பகமே இல்லாமல் போனது. பற்றுச்சீட்டுகள் முள்ளிவாய்க்கால் பதுங்குகுழிகளோடு போயின. இராணுவம் மீட்ட நகைகளில் கொஞ்சம் 2014 டிசம்பரில் சிலருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இன்னொரு தொகுதியை இராணுவம் பொலிஸிடம் ஒப்படைத்தது 2025 மே 2 ஆம் திகதிதான். அதற்குள் எத்தனை உரிமையாளர்கள் இறந்துபோனார்கள்!

புதைத்தவர்களின் கதியும் ஒரே மாதிரி இருக்கவில்லை. முகாமிலிருந்து மீள்குடியேறி வந்தவர்களில் சிலருக்குப் பொருள் அப்படியே கிடைத்தது. சிலருக்கு யாரோ முன்னரே தோண்டிய கிடங்குதான் கிடைத்தது. சில வளவுகளில் மாமரமே இல்லை, அடையாளம் போய்விட்டது. எல்லாவற்றிலும் கொடுமை, இடம் தகப்பனுக்கு மட்டும் தெரிந்திருந்த வீடுகள். தகப்பன் திரும்பி வரவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் புதையல் தேடித் தோண்டும் செய்திகள் இன்றும் வருகின்றன. அந்த மண்ணுக்குள் ஏழைக் குடும்பங்களின் நகையும் கிடக்கிறது என்பதை அந்தச் செய்திகள் சொல்வதில்லை.

இன்று அதே ஊரில் கைபேசியும் கையுமாக நிற்கும் பிள்ளைகள் வேறொரு சொத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். 2022 இல் சில கிழமைகளுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, ரூபாயில் சேர்த்ததெல்லாம் கண்முன்னே கரைந்தது. வெளிநாட்டு உறவுகளின் காசு வங்கியாலும் உண்டியலாலும் வந்துகொண்டிருந்த ஊரில், கிரிப்டோ நாணயங்களான பிட்கொயினும், டொலரோடு பெறுமதி கட்டிய டெதரும் அப்போதுதான் பேச்சுக்கு வந்தன. அவற்றை பைனான்ஸ் போன்ற பரிமாற்றகத்தில் விட்டுவைப்பதா, சொந்த வொலட்டுக்கு எடுப்பதா என்பது இப்போதைய கேள்வி. இதற்குப் பதில் சொல்லத் தகுதியானவர்கள் கணினி படித்தவர்கள் மட்டுமல்ல. 2009 ஐக் கண்ட தாய்மாருக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

பரிமாற்றகத்தில் நாணயம் உங்கள் கையில் இல்லை. அவர்களுடைய பேரேட்டில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு தொகை இருக்கிறது, அவ்வளவுதான். கடவுச்சொல் மறந்தால் மீட்டுத் தருவார்கள், விற்று ரூபாயாக்குவதும் சுலபம். ஆனால் 2014 இல் ஜப்பானின் மவுண்ட் கொக்ஸ் என்ற பரிமாற்றகம் விழுந்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் விழுந்தது. இந்தியாவின் வசீர்எக்ஸ் 2024 ஜூலையில் ஏறக்குறைய 23 கோடி டொலரைத் திருட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளரின் நாணயங்களை முடக்கி வைத்திருந்தது. கனடாவின் குவாட்ரிகா கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அதன் நிறுவனர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார், சாவிகள் அவரோடு போய்விட்டன என்றார்கள். பின்னர் ஒன்ராறியோ பிணையங்கள் ஆணையம் விசாரித்தபோது, காசில் பெரும்பகுதியை அவர் உயிரோடிருக்கும்போதே மோசடியாக இழந்திருந்தது தெரியவந்தது. பூட்டிய பெட்டி முன்பே வெறுமையாய்க் கிடந்திருக்கிறது.

சொந்த வொலட்டில் அப்படி ஒருவரும் இடையில் இல்லை. அதற்குள் இருப்பது நாணயமல்ல, நாணயத்தைத் திறக்கும் சாவி. அந்தச் சாவியைக் கைபேசி 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக எழுதித் தரும். 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து அவை வருகின்றன. அந்தச் சொற்கள் உள்ளவனுக்கே காசு. கைபேசி உடைந்தாலும் சொற்கள் இருந்தால் இன்னொரு கைபேசியில் எல்லாம் திரும்பும். சொற்கள் தொலைந்தால் முறையிட ஓர் அலுவலகமும் கிடையாது. பிட்கொயினில் பல இலட்சம் இப்படியே திறக்க ஆளின்றிக் கிடக்கின்றன என்று கணிக்கிறார்கள். டெதரில் இன்னொன்று: அது உங்கள் வொலட்டுக்குள் இருந்தாலும், வெளியிடும் நிறுவனம் நினைத்தால் அதை முடக்க முடியும்.

எங்கள் வீடுகளில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்தச் சொற்பட்டியல் தமிழில் இல்லை. மகன் கொழும்பிலோ கட்டாரிலோ இருக்க, தாய் அந்தத் தாளைப் பார்த்தால் அது அவருக்குப் பழைய பாடக்கொப்பியின் ஒரு பக்கமாகத்தான் தெரியும். அடுப்பு மூட்டவும் அது போகலாம். இரகசியம் என்று சொல்லி மகன் யாருக்கும் சொல்லாமல் விட்டால், கிணற்றடிக் கிடங்கு திரும்பவும் வெட்டப்பட்டுவிட்டது.

என் எண்ணத்தை மறைக்கவில்லை. வீடு கட்டவும் சீதனத்துக்கும் சேர்க்கும் காசு பரிமாற்றகம், வொலட் இந்த இரண்டிலும் போகக்கூடாது. இலங்கையில் கிரிப்டோவுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டைகளால் அதை வாங்கவும் அனுமதியில்லை. கிரிப்டோ பெயரில் ஆள் சேர்த்த ஒன்மக்ஸ் டிடி போன்றவற்றை 2023 இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்றே அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும் வைத்திருக்கிறவர்கள், மாற்றி எடுக்கவேண்டிய சிறு தொகையை மட்டும் பரிமாற்றகத்தில் விடட்டும். வருடக்கணக்கில் வைத்திருக்க நினைப்பதைச் சொந்த வொலட்டுக்கு எடுப்பதே சரி. காப்பாற்றுகிறோம் என்று வாங்கி வைத்த இடமே இல்லாமல் போனதை ஒருமுறை பார்த்துவிட்டோம்.

ஆனால் இடம் இரண்டாவது ஆளுக்குத் தெரியவேண்டும். சொற்களைப் படம் பிடிக்கவோ வட்ஸ்அப்பில் அனுப்பவோ வேண்டாம். உதவி செய்கிறேன் என்று அவற்றைக் கேட்கிறவன் கள்ளன்தான். தாளில் தெளிவாக எழுதி, இது என்ன, யாரிடம் கேட்கவேண்டும் என்று மேலே தமிழில் இரண்டு வரி சேர்க்கவேண்டும். நகைப்பெட்டிக்குள் ஒரு பிரதி, கலியாணம் செய்துபோன அக்கா வீட்டில் இன்னொன்று. பெரிய தொகையை மாற்றுவதற்கு முன்னர் ஆயிரம் ரூபாய் அளவில் ஒன்றை அனுப்பி, வொலட்டைக் கைபேசியிலிருந்து அழித்துவிட்டு, தாளை அக்காவின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், வாய் திறக்காதீர்கள். அக்காவால் திறக்க முடியவில்லையென்றால் மிச்சக் காசை இன்னும் அனுப்பவேண்டாம்.