கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்பு

பழவேற்காடு ஏரியை ஒட்டிய பகுதிகளில் நிலத்தைத் தோண்டும்போது, சில இடங்களில் கிளிஞ்சல் அடுக்குகள் தென்படுவதுண்டு. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்நீர் உள்ளே பரவியிருந்த காலத்தில் வாழ்ந்த சிப்பி, மட்டி இனங்களின் ஓடுகளே இவை. சுண்ணாம்பு தயாரிக்க இவற்றை வெட்டி எடுத்து வந்தார்கள்.

இவ்வாறு ஓடுகள் சேர்வது அரியலூர்ப் பகுதியில் மிகப் பெரிய அளவில் நடந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கு கடல் இருந்தது. கடல்வாழ் உயிரினங்கள் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து ஓடுகளை அமைத்துக்கொண்டன. அவை மடிந்தபின் ஓடுகள் அடித்தரையில் படிந்து, சேற்றுடன் இறுகிப் பாறையாயின. நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகளின் படிமங்களை இன்றும் அங்கு காணலாம். 1860-களில் பிளான்ஃபோர்டு, ஸ்டோலிச்கா ஆகிய அறிஞர்கள் இப்பகுதியை விரிவாக ஆராய்ந்தனர். இப்பகுதியை அடுத்த டால்மியாபுரத்தில் 1939-ல் சிமெண்டு ஆலை தொடங்கியதற்கும் சுண்ணாம்புப் பாறையே காரணம்.

பாறைக்கும் பயிருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால் காரத்தன்மை கூடும். அப்போது இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும், வேர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. நிலக்கடலையின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறையின் அறிகுறி. தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி மேலும் யூரியா இட்டால் பணம்தான் வீணாகும். 10 லிட்டர் நீரில் 100 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, விதைத்த 30, 40, 50-ஆம் நாட்களில் இலைவழியாகத் தெளிக்க வேண்டும். நெல்லில் துத்தநாகக் குறைவு இருப்பின், நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து தூவவும். சூப்பர் பாஸ்பேட்டுடன் கலக்கக் கூடாது.

சுண்ணாம்பு இடுவது புளிப்பு நிலத்துக்கே உரியது. கிளிஞ்சல் கலந்த நிலத்தில் மேலும் சுண்ணாம்பு இட வேண்டாம். மண் கட்டியின்மேல் நீர்த்த அமிலம் இரண்டு துளி விட்டதும் நுரை பொங்கினால், அதில் சுண்ணாம்பு உண்டு என்று அறியலாம். அளவை அறிய, அறுவடை முடிந்ததும் மண் மாதிரி எடுத்து, மண் பரிசோதனை நிலையத்துக்கோ திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கோ கொடுத்து, பரிந்துரை பெற்றபின் உரமிடுங்கள்.