பொம்மைப் படையின் வர்க்கக் கணக்கு

மேசையின் ஒரு பக்கம் 12 பொம்மைச் சிப்பாய்கள். எதிரே 6 பேர். எல்லாருக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே பயிற்சி. விதி ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு சுற்றிலும், நிற்கிற ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு பகடை. 6 விழுந்தால் எதிரியில் ஒருவர் விழுந்தார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுடும். ஒரு பக்கம் முழுக்க விழும்வரை இப்படியே உருட்டிக்கொண்டு போனால் பெரிய படையில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

பன்னிரண்டில் ஆறு போனால் ஆறு என்றுதான் மனம் சொல்லும். உருட்டிப் பாருங்கள், சராசரியாகச் சுமார் 10 பேர் நிற்பார்கள். முதல் சுற்றில் 12 பகடைக்குச் சராசரியாக இரண்டு ஆறு, 6 பகடைக்கு ஒன்று. இப்போது 11-க்கு 4. இரண்டாம் சுற்றில் பெரிய படை இன்னும் ஏறக்குறைய இரண்டு பேரை வீழ்த்தும். சிறிய படையிடம் இருப்பதோ நான்கே பகடை. அதில் ஒரு ஆறாவது விழுமா என்பது பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்றாம் சுற்றில் எதிரே இரண்டு பேர்தான் மிச்சம். விழுகிற ஒவ்வொரு சிப்பாயோடும் அவர் அடுத்தடுத்த சுற்றுகளில் உருட்டியிருக்க வேண்டிய பகடைகளும் போய்விடுகின்றன. அதனால்தான் சின்னப் படையின் சரிவு சுற்றுக்குச் சுற்று வேகமெடுக்கிறது.

இந்தச் சரிவுக்குக் கணக்கு எழுதியவர் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர். மோட்டார் கார்களை வடிவமைத்தவர், விமானம் பறக்கும் விதத்தை ஆராய்ந்தவர். 1914-ல் ‘இன்ஜினியரிங்’ இதழில் அவர் எழுதிய கட்டுரைகள் 1916-ல் ‘ஏர்கிராஃப்ட் இன் வார்ஃபேர்’ என்ற நூலாக வந்தன. தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் சண்டையில் ஒரு படையின் வலு அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றார். 12-ன் வர்க்கம் 144, 6-ன் வர்க்கம் 36. கழித்தால் 108, அதன் வர்க்கமூலம் பத்தும் கொஞ்சமும். பகடையில் நாம் கண்டதும் கிட்டத்தட்ட அதே. ஆள் இரண்டு மடங்கானால் வலு நான்கு மடங்கு.

வாளும் ஈட்டியும் ஏந்திய காலத்துக்கு லாஞ்செஸ்டர் வேறு கணக்கு வைத்தார். அங்கே ஒருவர் எதிரே ஒருவர்தான் நிற்க முடியும்; பின்வரிசை காத்திருக்க வேண்டும். அதனால் 12-க்கு 6 என்றால் மிச்சம் ஆறுதான். லாஞ்செஸ்டரின் கட்டுரைகளுக்கு முந்தைய ஆண்டு, 1913-ல், நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு நூலை வெளியிட்டிருந்தார். தரையில் பொம்மை வீரர்களை நிறுத்தி ஆடும் சண்டைக்கான விதிநூல் அது. அவர் பகடையே வைக்கவில்லை. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே சுட்டு வீரர்களைச் சாய்க்க வேண்டும். கைகலப்பு என்று வந்துவிட்டால் ஆளுக்கு ஆள் என்று இரு பக்கமும் சம எண்ணிக்கையில் எடுத்துவிட வேண்டும். கதை எழுதுகிறவர் விளையாட்டுக்காக வைத்த விதி ஒன்றும், பொறியாளர் சமன்பாடாக எழுதிய சட்டம் ஒன்றும் ஓராண்டு இடைவெளியில் ஒரே இடத்தில் வந்து நிற்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வெல்ஸுக்கு முன்னால் போர் விளையாட்டு என்றால் பிரஷ்ய ராணுவத்தின் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’தான். பிரஷ்ய அதிகாரி இளைய ரைஸ்விட்ஸ் 1824-ல் அதன் விதிகளை வெளியிட்டார். 1:8000 அளவில் வரைந்த வரைபடம், நடுவர், பகடை, இழப்பைச் சொல்லும் அட்டவணைகள். ஒரு சுற்று என்பது போர்க்களத்தில் இரண்டு நிமிடம். அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க அருமையான கருவி. ஆனால் காலப்போக்கில் அட்டவணைகள் பெருகி ஆட்டம் நத்தையாய் ஊர்ந்தது. 1876-ல் பிரஷ்ய அதிகாரி வெர்டி து வெர்னுவா, அட்டவணையை ஓரம் வைத்து, அனுபவமுள்ள நடுவரே முடிவு சொல்லட்டும் என்று எழுதினார். விதி கூடினால் நிஜம் கூடும் என்ற நம்பிக்கைக்கும், விரைவாக ஆடினால்தான் கற்க முடியும் என்ற நம்பிக்கைக்கும் நடுவே அன்று தொடங்கிய இழுபறி இன்னும் ஓயவில்லை.

நான் இரண்டாவது கட்சி. 1990-ல் பிரிட்டனில் வந்த ‘டி பெல்லிஸ் ஆண்டிகுவிட்டாடிஸ்’ என்ற விதிநூலைப் பாருங்கள். பழங்காலப் போர்களுக்கானது. ஒவ்வொரு பக்கமும் 12 பிரிவுகள், அவ்வளவுதான். இரண்டு பிரிவுகள் மோதினால் ஆளுக்கு ஒரு பகடை உருட்டித் தங்கள் வலு எண்ணோடு கூட்ட வேண்டும். ஒருவர் வலு 4, மற்றவர் வலு 3 என்று வையுங்கள். இரண்டு பகடைகளும் சேர்ந்து விழக்கூடிய 36 விதங்களில் 21-ல் வலுத்தவர் வெல்வார், 5-ல் சமம், 10-ல் இளைத்தவர் வெல்வார். ஆயுதம், கவசம், பழக்கம், துணிச்சல் எல்லாம் அந்த ஒரு எண் வித்தியாசத்துக்குள் அடங்கிவிட்டன. வலுத்தவர் தோற்பதற்கும் போதுமான இடம் இருக்கிறது. பத்து அட்டவணை புரட்டி வந்து சேர்கிற இடமும் பெரும்பாலும் இதுதான்.

இந்த விதிநூலில் எனக்கு மிகப் பிடித்தது தளபதியின் பகடை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரே ஒரு பகடை உருட்ட வேண்டும். அதில் என்ன விழுகிறதோ அத்தனை நகர்வுகள்தான் அந்தச் சுற்றில் கிடைக்கும். அணி கலையாமல் சேர்ந்து நிற்கும் பிரிவுகளை ஒரே நகர்வில் நகர்த்தலாம். சிதறிய பிரிவுகளுக்குத் தனித்தனி நகர்வு வேண்டும். 1 விழுந்தால் இடப்பக்கம் சாய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டு வலப்பக்கத்தைக் காப்பாற்ற வேண்டியதுதான். சேதி கொண்டுபோனவன் வழி தவறியதும், கட்டளையைத் தளபதி ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டதும் வரலாற்றில் எத்தனை போர்களைக் கெடுத்திருக்கின்றன! அந்தக் குழப்பம் முழுவதையும் ஒரு பகடை சுமக்கிறது. அணி குலையக் கூடாது என்று எந்த விதியும் சொல்வதில்லை. இரண்டு ஆட்டம் ஆடியவர் தானாகவே அணி குலையாமல் பார்த்துக்கொள்கிறார்.

எளிய விதியின் முழுப் பயன் தெரிவது, ஒரு சண்டையோடு நிறுத்தாமல் தொடர்போராக ஆடும்போது. காகிதத்தில் நாலைந்து ஊர்ப் புள்ளிகள், அவற்றை இணைக்கும் சாலைகள். படைகள் சாலையில் நகரும்; சந்தித்த இடத்தில் மேசைக்கு வரும்; மிஞ்சியவர்கள் மிஞ்சிய எண்ணிக்கையோடேயே வரைபடத்துக்குத் திரும்புவார்கள். ஒரு சண்டைக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் இது நடக்காது. நீல் தாமஸின் ‘ஒன் ஹவர் வார்கேம்ஸ்’ நூலில் ஒவ்வொரு படைக்கும் ஆறு பிரிவு, பதினைந்து சுற்று, ஒரு மணி நேரம். ஒரே நாளில் மூன்று சண்டை முடிந்துவிடும்.

இங்கே வர்க்கக் கணக்கு வேறு முகம் காட்டுகிறது. உங்களிடம் 10 பேர், எதிரியிடம் 14. ஒன்றாக மோதினால் நீங்கள் அழிவீர்கள். எதிரிக்குச் சுமார் 10 பேர் மிஞ்சுவர். ஆனால் எதிரியின் 14 பேரும் இரண்டு சாலைகளில் ஏழேழு பேராக வந்தால்? முதல் ஏழு பேரைத் தீர்த்தபின் உங்களிடம் சுமார் 7 பேர். அடுத்த ஏழு பேரோடு நடப்பது சரிசமமான சண்டை. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் டிரஃபால்கர் கடற்போர்த் திட்டத்தை லாஞ்செஸ்டர் இப்படித்தான் பிரித்துக் காட்டினார். 1805-ல் நெல்சன் எழுதிவைத்த குறிப்பில் தன் பக்கம் 40 கப்பல், எதிரியிடம் 46 என்று எதிர்பார்த்தார். நேருக்கு நேர் என்றால் 1600-க்கு 2116, தோல்விதான். எதிரி வரிசையை நடுவில் வெட்டி, 32 கப்பல்களைப் பின்பாதியின் மேல் ஏவி, 8 கப்பல்களால் முன்பாதியைத் தடுத்தால்? எதிரிக்கு 23-ன் வர்க்கம் இரண்டு முறை, 1058. நெல்சனுக்கு 32-ன் வர்க்கமும் 8-ன் வர்க்கமும் சேர்ந்து 1088. நூலிழையில் தராசு இந்தப் பக்கம் சாய்கிறது.

இப்போது மறுபக்கம் போய், 10 பேரை முதலில் சந்தித்த அந்த ஏழு பேரின் தளபதியாக யோசியுங்கள். தனிச் சண்டையில் கடைசி ஆள் வரை நின்று ஆடுவது வழக்கம். தோற்றாலும் பொம்மைகள் பெட்டிக்குள் போய் அடுத்த வாரம் உயிர்த்தெழும். தொடர்போரில் அப்படி இல்லை. முதல் சுற்று முடிந்ததும் நீங்கள் 5, எதிரி 9 என்றாகிவிட்டது. அங்கேயே நின்றால் ஐந்து பேரும் போவார்கள், எதிரி ஏழு எட்டுப் பேரோடு நகர்வார். சாலையில் பின்வாங்கி மற்ற ஏழு பேரோடு சேர்ந்துவிட்டால் 12-க்கு 9. கணக்குப்படி ஜெயிப்பது நீங்கள், அதுவும் சுமார் 8 பேர் மிச்சம் வைத்து. பின்வாங்குவது நல்லது என்று விதிநூலில் ஒரு வரிகூடக் கிடையாது. இழப்பை அடுத்த சண்டைக்கு எடுத்துப்போக வேண்டும் என்ற ஒரே விதியிலிருந்து பின்வாங்கல், காத்திருத்தல், பாலத்தைக் காத்தல், பசப்பு நகர்வு எல்லாம் தாமாக முளைத்து வருகின்றன.

இதை வெகுதூரம் கொண்டுபோனவர் இங்கிலாந்தின் டோனி பாத். ராபர்ட் இ. ஹோவர்டின் கோனன் கதைகளில் வரும் கற்பனை உலகத்தை எடுத்து, அதில் நாடுகளையும் அரசர்களையும் வைத்துப் பல ஆண்டுகள் தொடர்போர் நடத்தினார். ஒவ்வொரு தளபதிக்கும் சீட்டுக்கட்டிலிருந்து சீட்டுகளை உருவி, அவற்றைக் கொண்டு குணம் வகுத்தார். இப்படி ஆடும்போது சாலைத் தூரத்தோடு குணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. பின்வாங்கி வருகிற ஐந்து பேருக்காக அடுத்த ஊரின் தளபதி ஏழு பேரோடு புறப்பட வேண்டும். அவருக்கு விழுந்த சீட்டு பேராசை என்றால், எதிரியிடம் விலை பேசிவிட்டு அந்தப் பருவம் முழுக்கக் கோட்டைக் கதவைச் சாத்திக்கொள்வார்.