குழாய்க்குத்தான் விலை

பணி ஓய்வு பெற்ற ஆண்டில், திருநெல்வேலியில் ஒரு பழம்பொருள் கடையில் பித்தளைக் குழாய் பளபளக்கும் கிராமபோன் ஒன்றை வாங்கினேன். "நூறு வருசத்துப் பழசு சார், ஜமீன் வீட்டுச் சாமான்" என்றார் கடைக்காரர். பெட்டியின் முன்புறம் நாய்ப் படம் பொறித்த தகடும் இருந்தது. 30 ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன், பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிவிட்ட பெருமிதத்துடன் வீடு திரும்பினேன். விவரம் அறிந்த நண்பர் ஒருவர் பெட்டியைத் திறந்து காட்டியபோதுதான் உண்மை விளங்கியது. மரம் புதிது, குழாய் புதிது, தகடும் புதிது. உள்ளே சுழலும் இயந்திரம் மட்டுமே பழையது.

அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பதே இங்கு முக்கியமான கேள்வி. நம் நாட்டு வீடுகளில் மிகுதியாக இருந்தவை குழாய் வைத்த கிராமபோன்கள் அல்ல. கைப்பிடியுடன் பயணப்பெட்டி போலத் தோற்றமளிக்கும் கறுப்புப் பெட்டிகளே. 1931-இல் அறிமுகமாகி, கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்ட ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் 102 அவற்றுள் புகழ்பெற்றது. அதிலும் குழாய் உண்டு. ஆனால், அது பெட்டிக்குள்ளேயே மடிந்து கிடக்கும். திறந்த மூடி, ஒலியை அறைக்குள் திருப்பிவிடும். பார்வைக்குச் சாதாரணமான இந்தப் பெட்டிக்குச் சந்தையில் மதிப்பு குறைவு. அதை உடைத்து இயந்திரத்தை உருவி, புதுப் பெட்டியில் பொருத்தி, வெளியே பித்தளைக் குழாயை மாட்டினால் பல மடங்கு விலை கிடைக்கிறது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தை என்னவாகும் என்பதைப் பழைய கார்களை உதாரணமாகக் கொண்டு 1970-இல் விளக்கியவர் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அறிஞர். தரமான பொருளுக்கு உரிய விலை கிடைக்காதபோது, அதை வைத்திருப்பவர் சந்தையிலிருந்து விலகிவிடுவார். மட்டமான சரக்கே மிஞ்சும் என்பது அவருடைய வாதம். ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தவன்தான் நான்! ஆனால், அவருடைய சந்தையில் நல்ல கார் உரிமையாளர் வீட்டிலாவது பத்திரமாக நிற்கும். கிராமபோன் சந்தையிலோ நல்ல பெட்டியை உடைத்துத்தான் போலிப் பெட்டியே பிறக்கிறது.

எனவே, வாங்க விரும்புவோர் முதலில் சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. 1877-இல் எடிசன் உருவாக்கிய போனோகிராப், உருளையில் ஒலியைப் பதிந்தது. தட்டையான வட்டில் பதியும் கிராமபோனுக்கு எமில் பெர்லினர் 1887-இல் காப்புரிமை பெற்றார். (அந்தப் புகழ்பெற்ற நாய்கூட, பிரான்சிஸ் பாரோ முதலில் வரைந்தபோது உருளைக் கருவியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. 1899-இல் கிராமபோன் நிறுவனம் ஓவியத்தை வாங்கியபோது கருவி மாற்றி வரையப்பட்டது.) கடைக்காரர் 'போனோகிராப்' என்று சொல்லி வட்டுக் கருவியைக் காட்டினால், அவருக்கே விவரம் தெரியாது என்று கொள்ளலாம்.

அடுத்து, குழாயை விட்டுவிட்டு, அது பெட்டியோடு சேரும் இடத்தைப் பாருங்கள். உண்மையான கருவியில் அந்த வார்ப்பு கனமாகவும் நேர்த்தியாகவும் இருக்கும்; போலியில் மெல்லிய தகடும் புதுத் திருகாணிகளும் தென்படும். சுழல்தட்டைத் தூக்கிப் பாருங்கள். மேற்பலகையில் தேவையற்ற துளைகள் இருந்தால், வேறு பெட்டியின் இயந்திரம் குடியேறியிருக்கலாம். குழாய் இல்லாத கறுப்புப் பெட்டியை யாரும் போலியாகச் செய்வதில்லை. அதில் லாபம் இல்லை.

இரண்டாவது முறை நான் வாங்கியது அத்தகைய பெட்டிதான். கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது. ஆசையில் உடனே சாவி கொடுத்துவிடக் கூடாது. பல பத்தாண்டுகளில் உள்ளேயுள்ள கிரீஸ் தார்போல இறுகியிருக்கும். முறுக்கேறிய சுருள்வில் துள்ளினால் விரல் போய்விடும். ஆகவே, முறுக்கை முழுவதும் இறக்கிய பிறகே கழற்ற வேண்டும். முதிய கடிகாரப் பழுதுநீக்குநர் ஒருவர் எனக்குக் கைகொடுத்தார். மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவி, கிராபைட் கலந்த கிரீஸைத் தடவினோம். ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்டு பாக்ஸில், அலுமினியத் தகட்டைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் கல்லாகிவிட்டிருந்தன. மென்மையான ரப்பரை வெட்டிப் பொருத்தியதும் இரைச்சல் நின்றது. வேகத்தைச் சரிபார்க்க, தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகி எண்ணினால் போதும்: அரை நிமிடத்துக்கு 39 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 78. மேலுறையின் கீறல்களை அப்படியே விட்டுவிட்டேன். புதுத்துணி ஒட்டினால் அதன் வயது போய்விடும்.

கருவி சீரான பிறகு, கவலை இசைத்தட்டுகளைப் பற்றியது. அவை அரக்கும் தாதுப்பொடியும் கலந்து செய்யப்பட்டவை. அந்தப் பொடி, எஃகு ஊசியின் முனையைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருந்தச் செய்கிறது. ஆகவே, ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை எறிந்துவிட வேண்டும். ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டுக்கு ஒரு ஊசி! சிக்கனம் பார்த்து அதே ஊசியை மீண்டும் வைத்தால், இசைத்தட்டு அரைபட்டுவிடும். ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் அரக்கு கரையும். பிற்கால எல்.பி. தட்டை இதில் வைத்தால் ஒரே முறையில் அது பாழாகும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரரின் பதற்றமாகத் தோன்றலாம். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் மறைந்தார். திரைப்படத்தில் அவர் நடித்ததில்லை. நாடக மேடையில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் இன்று இல்லை. அந்தக் குரல் நமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டுகளால்தான். கல்லிடைக்குறிச்சிக்கு அருகிலேயே பிறந்து, 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் இத்தகைய தட்டுகளில் உண்டு.

சென்ற ஆண்டு, தொழிலை விட்டுவிட்ட சவுண்டு சர்வீஸ்காரர் ஒருவரைத் தேடிப் போனேன். கல்யாண வீடுகளிலும் கோயில் கொடைகளிலும் பாட்டுப் போட்டவர். "இருந்ததுல பாதிய சுவர்க் கடிகாரம் செய்யணும்னு ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரு சார்" என்றார். மீதி, ஒரு தகரப் பெட்டியில் படுக்கைவாக்கில் அடுக்கிக் கிடந்தது. மேலே இருந்த மூன்று விரிசல் விட்டிருந்தன. மற்றவற்றை வாங்கி வந்து, உறைகளைத் தைத்து நிமிர்த்தி அடுக்கியிருக்கிறேன்.

மாலையில் ஒன்றை ஓடவிடும்போது, எதிர்வீட்டுத் தம்பி வந்து உட்கார்ந்து கேட்பார். வந்த முதல் நாள் அவர் கேட்டது, "குழாய் இல்லையா சார்?"